கேளுங்கள், சொல்கிறோம்: வெள்ளத்தில் முங்கிய துறைமுக நகரை மறுபடி கட்டலாமா?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா கடற்கரையைத் தாக்கியது. மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. அதை முழுக்க இறைத்து வெளியேற்ற அக்டோபர் 11 ஆயிற்று. ‘இந்த ஊரைத் திரும்பக் கட்டத்தான் வேண்டுமா, கட்டினால் எப்படி?’ என்று அன்று எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். அங்கே புழங்கும் அடி, மைல், டாலர் கணக்கையே வைத்திருக்கிறோம்.

கேள்வி: கடல் மட்டத்துக்குக் கீழே போய் யாராவது ஊர் கட்டுவார்களா? கட்டியவர்களைச் சொல்ல வேண்டும்!

கட்டும்போது ஊர் மேலேதான் இருந்தது. பிறகுதான் கீழே போனது. 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஆற்றங்கரை மேடு. மிசிசிப்பி கரைபுரளும்போதெல்லாம் கனத்த வண்டல் ஆற்றோரத்திலேயே படிந்துவிடும், மெல்லிய சேறு மட்டும் தூரம் போகும். ஆகவே ஆற்றோரம் மேடு, விலக விலகப் பள்ளம். அந்த மேட்டில் இருக்கும் பழைய பிரெஞ்சு குவார்ட்டர் கத்ரீனாவிலும் பெரும்பாலும் தப்பித்தது.

வினை, பின்னால் கிடந்த சதுப்பில் கை வைத்தபோது வந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வடிகால் திட்டம் தொடங்கியது. 1913-ல் ஆல்பர்ட் பால்ட்வின் உட் என்ற பொறியாளர் 12 அடி விட்டமுள்ள திருகு பம்பை வடிவமைத்தார். சதுப்பு காய்ந்தது, தெருக்கள் வந்தன. ஆனால் இலைதழை மட்கிய அந்த மண், நீரில் ஊறியிருக்கும்வரைதான் பருமனாக இருக்கும். நீரை எடுத்தால் சுருங்கும். காற்றுப் பட்டால் மேலும் மட்கி, கரியமில வாயுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்தே போய்விடும். தரை இறங்க இறங்க இன்னும் ஆழமாக இறைக்க வேண்டும், இறைக்க இறைக்கத் தரை இன்னும் இறங்கும். இப்படித்தான் ஊரில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே போயிற்று. மறு பாதி மேலே இருக்கிறது என்பதை வாதிடுகிறவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்து விட்டுவிட்டோம். அமெரிக்காவுக்கு மட்டும் ஏன் அந்தத் துணிச்சல் வரவில்லை?

தனுஷ்கோடி, ரயிலும் கப்பலும் சந்திக்கும் முனை. அந்த வேலையை ராமேஸ்வரத்துக்கு மாற்ற முடிந்தது. பாம்பன் பாலத்தைச் செப்பனிட்டு, அதற்கப்பால் தனுஷ்கோடி வரை போன தண்டவாளத்தைக் கைவிட்டார்கள்.

மிசிசிப்பியின் வேலையை அப்படி மாற்ற வழியில்லை. நாட்டின் நடுப்பகுதியில் விளையும் சோளமும் சோயாவும் தட்டைப் படகுகளில் ஆற்றோடு இறங்கி வருகின்றன. கடல் கப்பலுக்கு அவற்றை மாற்றி ஏற்றுவது ஆற்றின் கடைசிப் பகுதியில்தான் நடக்க முடியும். அமெரிக்காவின் தானிய ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போகிறது. சரக்குத் துறைகளும் ஆற்றங்கரை மேட்டில் இருந்ததால், புயல் கழிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வணிகக் கப்பல் வந்துவிட்டது. ஊர் அப்போதும் தண்ணீரில் கிடந்தது.

அதனால் ‘துறைமுகம் போதும், ஊர் வேண்டாம்’ என்று ஒரு கட்சி கிளம்பியது. பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த டென்னிஸ் ஹாஸ்டர்ட், இங்கே பல நூறு கோடி கொட்டுவதில் பொருள் இருக்கிறதா என்று அந்த மாதமே கேட்டுப் பெரும் எதிர்ப்பை வாங்கிக்கொண்டார். காகிதத்தில் அந்த யோசனை அழகாகத்தான் இருக்கும். ஆனால் சரக்கு ஏற்றுபவர், கிரேன் மெக்கானிக், ஆற்றுவழி காட்டும் பைலட், சுங்க எழுத்தர் எல்லோருக்கும் வீடு, பள்ளி, மருத்துவமனை வேண்டுமே? முதல் சில மாதங்கள் துறைமுகத் தொழிலாளர்களைக் கப்பல்களில் தங்கவைத்துச் சமாளித்தார்கள். குடும்பத்தைக் கப்பலில் வைத்து எத்தனை வருடம் ஓட்டுவது?

எங்கள் அபிப்பிராயம்: ‘வேண்டுமா, வேண்டாமா’ என்பது அந்த ஊரைப் பொறுத்தவரை வீண் வாதம். எந்தத் தரையில், எவ்வளவு உயரத்தில், யார் செலவில் என்பவைதான் வாதிட வேண்டியவை. கீழே வரும் கேள்விகளெல்லாம் இந்த மூன்றில் ஒன்றில் போய்த்தான் முட்டும்.

கேள்வி: அவ்வளவு பெரிய புயலுக்கு எந்தக் கரைதான் நிற்கும்? பொறியாளர்களைக் குறை சொல்வது நியாயமா?

நியாயம்தான். 50-க்கும் அதிகமான இடங்களில் கரை உடைப்பெடுத்தது. அத்தனையும் ஒரே காரணத்தால் இல்லை. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகைதான் தலைகுனிவு. 17-வது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் இரண்டும் ஊரின் மழைநீரை வடக்கே இருக்கும் பான்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்குக் கொண்டுபோகும் வடிகால்கள். பம்பு நிலையம் ஊர்ப்பக்கத் தலைப்பில் இருந்தது, ஏரிப்பக்க வாய் திறந்தே கிடந்தது. புயலில் ஏரி ஏறினால் அதே கால்வாய் வழியாக ஏரி ஊருக்குள் வரும். வாயில் கதவு போடுவதா, கால்வாய் நெடுகிலும் சுவர் எழுப்புவதா என்று நெடுநாள் இழுபறி நடந்து, சுவர்தான் ஜெயித்தது.

அந்தச் சுவரை ‘ஐ-சுவர்’ (I) என்பார்கள். மண்கரை நடுவே இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து இறக்கி, அவற்றின் தலையில் கான்கிரீட் வார்ப்பது. 17-வது தெருவில் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே சுவர் போய்விட்டது. நீரின் பக்கவாட்டு அழுத்தத்தில் சுவர் கொஞ்சம் சாய்ந்ததும், அதற்கும் கால்வாய்ப் பக்க மண்ணுக்கும் நடுவே வெடிப்பு விழுந்தது. வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் தகட்டின் அடிவரை நின்று தள்ளியது. முழுக் கரையும் சேர்ந்து தாங்க வேண்டிய சுமை, வெளிப்புறப் பாதியின் தலையில் விழுந்தது. அடியில் இருந்ததோ கொழகொழத்த களிமண். சுவரைத் தூக்கிக்கொண்டு கரையே அதன் மேல் வழுக்கிப் பல அடி நகர்ந்தது. கணக்குப் போட்டவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்றால், கரையின் எடையால் காலங்காலமாக அமுங்கிய நடுப்பகுதி மண் கெட்டியாக இருக்கும், கரை ஓரத்து மண் இளசாக இருக்கும். ஓரத்திலும் அதே கெட்டி இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். லண்டன் அவென்யூவில் அடியில் மணல். தகடு போதிய ஆழம் போகாததால் தண்ணீர் மணல் வழியே புகுந்து மறுபக்கம் ஊற்றெடுத்து, கரையின் காலை வாரியது.

இரண்டாம் வகை, ‘இண்டஸ்ட்ரியல்’ கால்வாய். இங்கே தண்ணீர் சுவரைத் தாண்டித்தான் வழிந்தது. வழிந்த நீர் ஊர்ப்பக்கத்தில் சுவரின் காலடியில் அருவியாக விழுந்து பள்ளம் பறித்தது. பிடிமானம் போனதும் சுவர் கவிழ்ந்தது, லோயர் நைன்த் வார்டு பகுதியில் வீடுகள் அஸ்திவாரத்தோடு பெயர்ந்தன.

மூன்றாம் வகை, கிழக்கே கப்பல் கால்வாயை ஒட்டிய மண்கரைகள். கால்வாய் வெட்டியபோது அள்ளிய மணலையும் கிளிஞ்சலையும் குவித்துக் கட்டிய இடங்கள் அலை அடித்ததும் கரைந்தன. நல்ல களிமண்ணில் கட்டிப் புல் பிடித்திருந்த கரைகள், மேலே தண்ணீர் வழிந்தும் நின்றன.

செய்த வைத்தியம் இதற்கேற்றது. பல இடங்களில் ஐ-சுவரை எடுத்துவிட்டு, தலைகீழான ‘டி’ (T) வடிவச் சுவர் வைத்தார்கள். அகலமான கான்கிரீட் பாதமும், அதற்கடியில் சாய்வாக அடித்த பைல்களும் (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) இருப்பதால் அது சாயாது. சுவரின் ஊர்ப்பக்கக் காலடியில் கான்கிரீட் தளம், கரைகளுக்குச் சோதித்த களிமண், கால்வாய் வாய்களில் கதவும் பம்பும். கதவோடு கூடிய நிரந்தரப் பம்பு நிலையங்கள் 2018-ல்தான் முடிந்தன. கிழக்கே போர்ன் ஏரிப் பக்கம் 1.8 மைல் நீளத்துக்கு, 26 அடி உயரத்தில் ஓர் அலைத்தடுப்பு. சுற்று 133 மைல், மொத்தச் செலவு சுமார் 1,450 கோடி டாலர்.

கேள்வி: அந்தக் கிழக்குக் கப்பல் கால்வாய் என்ன ஆயிற்று?

மூடிவிட்டார்கள். 76 மைல் நீளம், 1960-களில் வெட்டியது. கடலிலிருந்து துறைமுகத்துக்குக் குறுக்குவழி என்று சொன்னார்கள், எதிர்பார்த்த கப்பல்கள் வரவே இல்லை. உப்புநீர் மட்டும் உள்ளே வந்து, புயலைத் தடுத்து நின்ற சைப்ரஸ் சதுப்புக் காட்டைக் கொன்றது. 2009-ல் பாறைகளைக் கொட்டி அடைத்தார்கள். துறைமுகத்துக்காகச் செய்யும் எல்லாமே துறைமுக நகருக்கு நல்லது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய கதை.

கேள்வி: கரை உயர்த்துவதற்குப் பதில் ஊரையே மேடேற்றிவிட்டால் என்ன? டெக்சாஸில் அப்படிச் செய்ததாகப் படித்தேன்.

கால்வெஸ்டன் தீவைச் சொல்கிறீர்கள். 1900 செப்டம்பர் 8 புயலில் அங்கே இறந்தவர்கள் 6,000-க்குக் குறையாது. 1904-க்குள் 17 அடி உயரத்தில் மூன்று மைலுக்கு மேல் கடற்சுவர் கட்டினார்கள். அடுத்து 1911 வரை ஊரை உயர்த்தினார்கள். 2,000-க்கும் அதிகமான கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, மணல் கலந்த கடல்நீரைக் குழாயில் அடித்தார்கள். நீர் வடிய மணல் தங்கியது. சுமார் 3,000 டன் எடையுள்ள தேவாலயமும் அப்படித்தான் உயர்ந்தது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், டிராம் பாதை எல்லாமே உயர வேண்டும். மரங்கள் பட்டுப்போயின. மக்கள் பலகைப் பாதைகளில் நடந்தார்கள். தன் வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது, நிரப்பும் செலவு அரசுடையது. 1915-ல் வந்த கடும் புயலுக்கு ஊர் நின்றது.

நியூ ஆர்லியன்ஸில் இது பலிக்காது. கால்வெஸ்டன் மணல் திட்டு, மேலே மணல் போட்டால் தாங்கும். சதுப்பு மண்ணின் மேல் பத்தடி மண்ணைக் கொட்டினால், அந்த எடைக்கே அது அமுங்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். குழாய்கள் முறியும், வீடுகள் சாயும். அங்கே செய்யக்கூடியது வீட்டை மட்டும் பைல் மேல் தூக்குவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால்வெஸ்டன் பிழைத்தது, ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. 1914-ல் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் திறந்ததும் சரக்கு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டது.

கேள்வி: பள்ளமான பகுதிகளைக் காலி செய்துவிட்டு, ஊரைச் சுருக்கியிருக்கலாமே?

சொல்லிப் பார்த்தார்கள். மேயர் ரே நேகின் அமைத்த மறுசீரமைப்புக் குழு 2006 ஜனவரியில் ஒரு வரைபடம் வைத்தது. வெள்ளம் தேங்கிய பகுதிகளில் கட்டட அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும், போதிய பேர் திரும்புகிறார்கள் என்று அந்தந்தப் பேட்டை நான்கு மாதத்தில் காட்ட வேண்டும் என்றது. வரைபடத்தில் சில பேட்டைகளின் மேல் பூங்காவுக்கென்று பச்சை வட்டங்கள் இருந்தன. உள்ளூர்ப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் மாற்றுத் துணிகூட இல்லாமல் கிடந்தவர்கள், தங்கள் வீட்டின் மேல் பச்சை வட்டத்தைப் பார்த்தார்கள். ஊரே கொதித்தது. மேயர் பின்வாங்கினார், கேட்டவர்க்கெல்லாம் அனுமதி கிடைத்தது.

அந்தச் சந்தேகத்துக்கு வேர் உண்டு. 1927 பெருவெள்ளத்தில், நகரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கீழே கார்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தப் பக்கத்து மக்களுக்கு வாக்களித்த நஷ்டஈட்டில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. ‘பொது நன்மைக்காக உன் இடம்’ என்றால் அங்கே யார் நம்புவார்கள்?

சுருக்குவது தவறான யோசனை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 1960-ல் 6,27,525 பேர் இருந்த ஊர், 2000-ல் 4,84,674-க்கு இறங்கிவிட்டது. புயலுக்குப் பின் 2010-ல் 3,43,829. அத்தனை பேருக்கு அத்தனை தெரு தேவையில்லை. ஆனால் வரைபடம் முதலில் வந்தது, அதோடு பணம் வரவில்லை. முதலில் புயலுக்கு முந்தைய விலையைக் கையில் கொடுக்க வேண்டும். அதே ஊரின் மேட்டில் ஒரு மனையைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வரைபடத்தை விரித்தால், பள்ளத்தில் இருப்பவர்களில் பலர் தாங்களே கேட்டு வருவார்கள்.

சுருக்காமலும் திட்டமிடாமலும் விட்டதன் பலன், ஒரு தெருவில் மூன்று வீடு, நடுவில் ஆள் உயரப் புல். நான்கு வீட்டுக்காக மைல் கணக்கில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் வைக்க வேண்டும், குப்பை வண்டி போக வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அரசிடம் விற்கப்பட்ட மனைகளைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே விற்கும் திட்டம் ஒன்று வந்தது. பார்க்கச் சின்னதாக இருந்தாலும், புல்லை வெட்ட ஓர் ஆள் கிடைத்தார் என்ற அளவில் அது வேலை செய்தது.

கேள்வி: வீடு இழந்தவர்களுக்கு அரசு நிறையக் கொடுத்ததாகத்தானே செய்தி?

கொடுத்தது. ‘ரோடு ஹோம்’ என்ற திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். சூத்திரத்தில்தான் கோளாறு. வீட்டின் பழைய சந்தை விலை, பழுதுபார்ப்புச் செலவு இரண்டில் எது குறைவோ அதை எடுத்து, காப்பீடு முதலிய வரவுகளைக் கழித்தார்கள்.

ஒரே அளவு, ஒரே சேதம், பழுதுச் செலவு 1,50,000 என்று இரண்டு வீடுகளை வைத்துக்கொள்வோம். வசதியான பேட்டையில் இருக்கும் வீட்டின் பழைய விலை 2,00,000 என்றால் முழு 1,50,000-மும் கிடைக்கும். கறுப்பினத்தவர் வாழும் பேட்டையில் அதே வீட்டின் விலை 75,000 என்றால் 75,000-தான். பலகையும் ஆணியும் இரண்டு பேருக்கும் ஒரே விலைதானே? மீதி 75,000-க்கு எங்கே போவது? பலர் பாதி வேலையோடு நின்றார்கள். 2008-ல் வழக்கு போட்டு, 2011-ல் சமரசமாயிற்று. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். எந்த ஊரில் மறுகட்டுமானப் பணம் பங்கிட்டாலும், சந்தை விலையைக் கணக்கில் சேர்க்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: மூன்று வாரம் தண்ணீரில் நின்ற வீட்டைக் கழுவித் துடைத்தால் போதாதா? ஏன் எலும்புக்கூடு மாதிரி பிரித்தார்கள்?

அங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டம், அதன் மேல் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை, நடுவே பஞ்சு. ஜிப்சம் பலகை திரி மாதிரி நீரை உறிஞ்சும், வெள்ளக் கோட்டுக்கு மேலேயும் ஏறும். காகிதம் பூஞ்சைக்கு விருந்து. ஓரிரு நாள் நின்ற தண்ணீர் என்றால் நான்கு அடிக்கு அறுத்து எடுத்தால் போதும். வாரக்கணக்கில் வெயிலில் மூடிக் கிடந்த வீட்டில் கூரைவரை பூஞ்சை ஏறியிருக்கும், முழுதும் எடுத்தாக வேண்டும்.

உள்ளே போகுமுன் மின்சாரமும் எரிவாயுவும் துண்டித்திருக்க வேண்டும், முகத்தில் என்-95 முகக்கவசமாவது வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலடியிலோ வைத்துக் கார்பன் மோனாக்சைடில் செத்தவர்கள் ஒவ்வொரு புயலிலும் உண்டு. 1978-க்கு முந்தைய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். டேப் சுற்றித் தெருவில் வைப்பதுதான் அந்த ஊர் கண்ட வழி.

பலகை, பஞ்சு, தரைவிரிப்பு, நீரில் முங்கிய வயர், பிளக் பாயின்ட், பிரேக்கர், எரிவாயு வால்வு எல்லாம் குப்பைக்கு. பிறகு மரச்சட்டத்தைச் சோப்பு நீரும் பிரஷும் கொண்டு தேய்க்க வேண்டும். பிளீச் அடித்தால் கறை வெளுக்கும், மரத்துக்குள் போன பூஞ்சையின் வேர் அப்படியே இருக்கும், போதாததற்கு ஈரமும் ஏறும். காய்ந்த பின் போரேட் கரைசல் அடிப்பது நல்லது. அந்த ஊரில் கரையான் தொல்லை பெரிது, அதற்கும் அது மருந்து.

எல்லோரும் தவறுவது இதற்கு அடுத்த படியில். ஒப்பந்தக்காரர் அவசரத்தில் புதுப் பலகையை அடித்துவிடுவார். ஈரமானி வைத்து அளக்காமல் மூடக் கூடாது. 15, 16 சதவீதத்துக்குக் கீழே வந்தாக வேண்டும். அதையும் சட்டத்தின் நடுவில் குத்திப் பார்க்காதீர்கள், அது சீக்கிரம் காய்ந்துவிடும். சுவரின் அடியில் படுத்திருக்கும் கட்டையில் குத்துங்கள். ஈரத்தோடு மூடிய சுவரில் சில வாரத்தில் வாடை வரும், மறுபடி பிரிக்க வேண்டியதுதான். புதுப் பலகை தரையைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி நிற்க வேண்டும். பிளாஸ்டிக் வால்பேப்பர் வேண்டாம். அடுத்த வெள்ளமும் வரும் என்று நினைப்பவர்கள் காகிதமில்லாப் பலகையைக் குறுக்கே வைத்து, கீழ்ப்பாதியை மட்டும் கழற்ற வசதி செய்துகொள்கிறார்கள், பிளக் பாயின்டுகளை மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை: பழைய சைப்ரஸ் மர வீடுகள், தரையை விட்டுத் தூண் மேல் நின்றவை, நன்றாகத் தாங்கின. கான்கிரீட் தளத்தைத் தரையோடு போட்டுக் கட்டிய இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ‘நவீன’ வீடுகள்தான் மோசமாக அடிபட்டன. பெரியவர்கள் தூண் வைத்துக் கட்டியதைப் பழம்பஞ்சாங்கம் என்று நினைத்த தலைமுறை அது.

கேள்வி: வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதில் அங்கே என்ன விதி? எவ்வளவு உயரம்?

சேதம், வீட்டின் விலையில் 50 சதவீதத்தை எட்டிவிட்டால், புது வெள்ள மட்டத்துக்கு உயர்த்தாமல் பழுதுபார்க்க அனுமதி கிடையாது. 2006 ஏப்ரலில் வந்த அறிவுரை: அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் காட்டிய வெள்ள மட்டம், அல்லது பக்கத்துத் தரையிலிருந்து 3 அடி, இரண்டில் எது உயரமோ அது. பலர் மேல்முறையீடு செய்து சேதத்தை 50-க்குக் கீழே இறக்கி எழுதிக்கொண்டார்கள். செலவு மிச்சம், ஆனால் வீடு பழைய மட்டத்திலேயே நின்றது. ஊரில் நடந்த தவறுகளில் மெதுவாகக் கடிக்கப் போவது இதுதான் என்பது எங்கள் எண்ணம். வெள்ளக் காப்பீடு வைத்திருந்தவர்க்கு உயர்த்தும் செலவுக்கெனத் தனியாக 30,000 டாலர்வரை உண்டு, அது போதாது.

தூக்குவதில் சூட்சுமம் சமச்சீர்தான். எல்லா ஜாக்கியும் ஒரே பம்பில் இணைந்து ஒரே வேகத்தில் ஏற வேண்டும். சில அங்குலம் ஏற்றியதும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டுக் கொடுத்துத்தான் மேலே போவது. குழாய், எரிவாயு, புகைபோக்கி இணைப்புகளை முன்பே வெட்டியிருக்க வேண்டும். வெளியே ஒட்டுச் செங்கல் இருந்தால் வெடிக்கும். மர வீட்டைத் தூக்குவது எளிது. கான்கிரீட் தளத்தோடு தூக்க, அடியில் சுரங்கம் மாதிரி தோண்டிப் பைல் இறக்க வேண்டும்.

தூக்கிய பின் செய்யும் பிழைகள் இரண்டு. புதுத் தூணுக்குள் கம்பி இல்லை, வீட்டைத் தூணோடு இரும்புப் பட்டையால் கட்டவில்லை என்றால் வெள்ளத்துக்குத் தப்பிக் காற்றுக்குப் பலியாகும். கீழே கிடைத்த இடத்தை அறையாக அடைப்பது அடுத்தது. அடைத்தால், ஒவ்வொரு சதுர அடிப் பரப்புக்கும் ஒரு சதுர அங்குலம் வீதம், குறைந்தது இரண்டு திறப்புகள், தரையிலிருந்து ஓர் அடிக்கு மிகாத உயரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் சுவரைத் தள்ளி, அதோடு மேல்வீட்டையும் இழுத்துவிடும்.

கேள்வி: ‘நூறாண்டு வெள்ளத்துக்குப் பாதுகாப்பு’ என்றால் இனி நூறாண்டு கவலையில்லைதானே?

இல்லை. எந்த வருடத்திலும் வர 1 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். 30 வருட வீட்டுக் கடன் காலத்தில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீதம், நாலில் ஒன்று. நெதர்லாந்து தன் மையக் கடற்கரைக்கு 10,000 ஆண்டுக் கணக்கு வைத்திருந்ததோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இது கடல் வெள்ளத்துக்கு மட்டும். கரைக்குள் பெய்யும் மழைக்கு வேறு கணக்கு: பம்புகள் முதல் மணிக்கு 1 அங்குலம், பிறகு மணிக்கு அரை அங்குலம் இறைக்கும் என்பது விதி. 2017 ஆகஸ்ட் 5-ல் புயலே இல்லாத மழையில் தெருக்கள் மிதந்தபோது, பல பம்புகளும் மின் டர்பைன்களும் பழுதில் கிடந்தது தெரியவந்தது. பழைய பம்புகள் நொடிக்கு 25 சுழற்சி மின்சாரத்தில் ஓடுபவை, ஊர் மின்சாரம் 60 சுழற்சி. ஆகவே அவற்றுக்கென்று தனியாக மின்சாரம் உற்பத்தி செய்துவந்தார்கள். இப்போது ஜென்டில்லி பகுதியில் மழைநீரை உடனே இறைக்காமல் குளங்களில் தேக்கி மண்ணில் இறக்கும் திட்டம் நடக்கிறது. தரை இறங்குவதைக் குறைக்க அதுவே சரியான பாதை. கரையும் பம்பும் மட்டும் போதும் என்று 100 வருடம் இருந்த ஊருக்கு இந்தப் புத்தி வந்ததே பெரிது.

கேள்வி: புதுக் கரை சோதனைக்கு வந்ததா?

2021-ல், அதே ஆகஸ்ட் 29-ல் ஐடா வந்தது. கரை நின்றது. ஆனால் மின்சாரத்தைக் கொண்டுவந்த எட்டுப் பெருந்தடங்களும் விழுந்து நகரமே இருண்டது, வெயிலில் உயிர்கள் போயின. கரைக்கு வெளியே மேற்கில் இருந்த லாப்ளாஸ் ஊர் முங்கியது. கரைகளும் சும்மா நிற்பதில்லை, தங்கள் எடைக்கே அமுங்குகின்றன, கடலும் ஏறுகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை மேலே களிமண் போட்டே ஆக வேண்டும். வெளியே இருக்கும் சதுப்பைக் காக்க ஆற்று வண்டலைத் திருப்பிவிடும் சுமார் 300 கோடி டாலர் திட்டத்தை 2023-ல் தொடங்கி, மீன்பிடிப்பவர்களின் எதிர்ப்பும் செலவும் காரணமாக 2025-ல் மாநிலமே கைவிட்டது. 1932-லிருந்து லூசியானா இழந்த கரையோர நிலம் சுமார் 1,900 சதுர மைல்.

கேள்வி: என் மகன் அங்கே வேலையில் இருக்கிறான். வீடு வாங்கப் போகிறானாம். என்ன பார்க்கச் சொல்லட்டும்?

உயரச் சான்றிதழ் கேட்கச் சொல்லுங்கள். தரைத்தளம் வெள்ள மட்டத்துக்கு மேலா கீழா என்று அதில் இருக்கும். 2005-ல் அந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கட்டும். ‘கரைக்குள் இருப்பதால் வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை’ என்று தரகர் சொல்வது பல மனைகளுக்கு உண்மை, ஆனாலும் எடுக்கட்டும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசு வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு 2,50,000, பொருட்களுக்கு 1,00,000 டாலர்வரை. பொதுவாக எடுத்த 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

கத்ரீனாவுக்குப் பின் அவசரமாகக் கட்டிய அல்லது பழுதுபார்த்த வீடு என்றால் இன்னொரு சோதனை உண்டு. பலகைத் தட்டுப்பாட்டில் 2004 முதல் 2007 வரை சீனாவிலிருந்து இறக்கிய ஜிப்சம் பலகைகளில் சில, கந்தக வாயுவைக் கசியவிட்டுச் செம்பை அரித்தன. அழுகிய முட்டை வாடை எல்லா வீட்டிலும் தெரியாது. பிளக் பாயின்ட் ஒன்றைக் கழற்றி, உள்ளே இருக்கும் பூமிக்கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏசியின் செம்புக் குழாயையும் பார்க்கட்டும். கரி பூசியதுபோல் கறுத்திருந்தால், எல்லாப் பலகையையும் வயரையும் மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசட்டும், இல்லையென்றால் வேறு வீடு பார்க்கட்டும்.